கோசலை போட்ட சுழி

கோசலைக்கு வேலை போன கதையை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வாய் கூடிப்போச்சு, அதுதான் போனாள் என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன தெரியும்? அதே அச்சகத்தில் தாள் வெட்டியவன் நான். நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எண்பத்து நாலில் பிரெஞ்சு நாட்டுக்கு வந்தவள் அவள். யாழ்ப்பாணத்தில் கலியாண அழைப்பிதழ் அடித்த கை. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரரின் அச்சகத்தில் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரித் தாள், எடுத்தாள். எந்த வேலையானாலும் முதல் புரூஃபின் தலையில் பென்சிலால் சின்னதாய் ஒரு பிள்ளையார் சுழி போடாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. பெர்னார் அதை ஏதோ இலக்கம் என்று நினைத்திருந்தார்.

எண்பத்தாறு மாசியில் மார்செல் என்ற பழம்பொருள் வியாபாரி ஒரு படத்தோடு வந்தான். மட்டையைத் தோளில் வைத்திருந்த ஓர் அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரன். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்களாம். பிறகு அதிலேயே ஆட்டக்காரர் படம் போட்டு விற்பனையைக் கூட்டினார்களாம். புகைத்தவன் அட்டையை எறிந்துவிடுவான், மிஞ்சியது கொஞ்சம். புரூஃப் அதைவிட அரிது. நிறம் பார்க்க மூன்று நாலு தாள்தான் எடுப்பார்கள், பின்பக்கம் வெறுமை, பார்த்து முடிந்ததும் குப்பை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நினைவுப் பரிசுக்கு என்று, தான் கொண்டுவந்த பழைய தடித்த தாளில் நாலு புரூஃப் கேட்டான். கோசலை எடுத்தாள். ஓரம் வெட்ட என்னிடம் வந்தது. முதல் தாளின் தலையில் சுழி. பிள்ளையார் மேல் கத்தி வைக்க மனம் வருமா? ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினேன்.

வைகாசியில் ரூ பஜோல் தெருவிலுள்ள தேநீர்க் கடையில் நானும் கோசலையும் இருந்தபோது அந்துவான் ஐயா வந்தார். புதுச்சேரிக்காரர், தபாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய அட்டை சேர்க்கிறவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஓர் உறையைப் பெருமையோடு பிரித்தார். நூறு வருசத்துப் புரூஃபாம், உலகத்திலேயே இது ஒன்றுதானாம். மார்செல் மூன்று நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறான், சனிக்கிழமை சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கப் போகிறேன் என்றார். தாளின் தலையில் கோசலையின் சுழி. பத்ரோனிடம், முதலாளி பெர்னாரிடம், முதலில் கேட்போம் என்று அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மார்செல் அதைப் பழசென்று விற்கப்போவது பெர்னாருக்கு முன்பே தெரிந்திருந்தது. வாயைத் திறந்தால் வேலை இல்லை என்றார். அவளுடைய வதிவிட அனுமதி முடிய இரண்டு மாதம். புதுப்பிக்க அவர் தரும் வேலைக் கடிதம் வேண்டும். பேசாமல் இரு பிள்ளை என்று நானும் சொன்னேன். கோழைப் பயல் நான், வேறென்ன.

சனிக்கிழமை அவள் மார்செலின் கடைக்கே போனாள். நான் பின்னால் போனேன். அந்துவான் ஐயா காசோலைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"ஐயா, எழுதாதேங்கோ. இது போன மாசி நான் எடுத்த புரூஃப். உந்தச் சுழி நான் போட்டது."

மார்செல் அசரவில்லை. அது பழைய அச்சுக்காரனின் இரகசியக் குறி, அதனால் விலை இன்னும் கூட என்றான் பாவி. கோசலை அவன் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அவனுடைய பற்றுச்சீட்டின் தலையிலேயே சுழி போட்டாள். அதே சாய்வு, அதே நீண்ட வால். ஐயா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். காசோலைப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை பெர்னார் எங்கள் இருவர் முன்னாலும் ஒரு வெற்றுத் தாளை வைத்தார். மார்செலின் கடையில் சொன்னது பொய் என்று கோசலை எழுதித் தந்தால் வேலைக் கடிதம் கிடைக்கும், இல்லாவிட்டால் வெளியே போகலாம். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். தாளின் தலையில் சுழி போட்டாள். மாசியில் தொடங்கி நடந்தது முழுவதையும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்து வைத்து, என் பக்கம் தள்ளினாள்.

"வெட்டினது நீங்கள் அண்ணை. சாட்சிக்கு வையுங்கோ."

வைத்தேன். இப்போது இரண்டு பேருக்கும் வேலை இல்லை. வேலையை விட்டு நிறுத்தியதற்கு நாங்கள் போட்ட வழக்கில் அந்தத் தாள் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது, தலையில் சுழியோடு.