இரண்டு கொட்டாயும் ஒரே கம்பெனி ஆனபோது

உத்திரமேரூர் டெண்ட் கொட்டாயில் என் வீட்டுக்காரர் கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தார். எழுபதுகளில் எங்களுக்கு அந்தக் கொட்டாய்தான் சினிமா. சம்பளம் என்று ஒன்று கிடையாது. கூட்டம் வந்தால் அன்றைக்குப் படி, மழை பெய்தால் ஒன்றுமில்லை. கொட்டாய் நிறைந்துவிட்டால் முதலாளி எல்லோருக்கும் படிக்கு மேல் கொஞ்சம் காசும் சுடச்சுட போண்டாவும் கொடுப்பார். அவரை எல்லோரும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை செய்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எப்போது வந்தாலும் இலவசம். நான் அதைச் சும்மா விடுவேனா? படம் மாறிய முதல் நாளே போய், பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்துவிடுவேன். கேட்டுக்காரர் பெண்டாட்டி இடம் என்று வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

பிறகு சாலவாக்கம் கொட்டாயும் எங்கள் கொட்டாயும் சேர்ந்து ஒரே கம்பெனி ஆயின. காஞ்சிபுரத்திலிருந்து மேனேஜர் வந்தார். கேட்டில் நிற்பவருக்குக் காக்கிச் சட்டை வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. போண்டா நின்றுபோனது. இதையெல்லாம் வாய் நிறையச் சொன்ன என் வீட்டுக்காரர், இன்னொன்றை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, எப்போதும்போல நேரே கேட்டுக்குப் போனேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"டிக்கெட்டும்மா."

"இன்னாய்யா, கண்ணு தெரியலியா?"

அவருக்குப் பின்னால் மேனேஜர் நிற்பதை அப்புறம்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். காக்கிச் சட்டையின் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. இன்னொரு வார்த்தை பேசினால் அவர் வேலை போய்விடும் என்று புரிந்தது. பொத்துக்கொண்டு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு போய், முந்தானையில் முடிந்திருந்த காசில் ஒரு தரை டிக்கெட் வாங்கி வந்து நீட்டினேன். கிழித்தார். பாதியைத் திருப்பித் தந்தார். அன்றைக்கு என்ன படம் ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தம்பி குடும்பத்தோடு வந்தபோது, அவர்களையும் டிக்கெட் வாங்கித்தான் வரச் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன்.

"வேல பூடும்னு பயந்துக்கினேன்," என்றார் தட்டைப் பார்த்தபடி.

"வூட்லயே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே. ஊரே பாத்துக்கினு கீது, என்னை யாரோ பொம்பள மாதிரி நிறுத்தினியே."

"சொல்ல வாய் வரல," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாதம் பிறந்து சம்பளம் வந்தது. அந்த வாரம் அவருடைய லீவு நாளில், "கெளம்பு, படத்துக்குப் போலாம்," என்றார். நாற்காலி டிக்கெட் இரண்டு வாங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார அங்கேதான் முடியும். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து ஒரு படமும் பார்த்ததில்லை. நைனா தங்கமான மனுஷர்தான், ஆனால் லீவு என்று ஒன்று அவர் கொடுத்ததே இல்லை. கேட்டில் நின்றபடி படுதா இடுக்கில் எட்டிப் பார்த்ததுதான் என் வீட்டுக்காரர் பார்த்த சினிமாவெல்லாம். நாற்காலியில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. யாராவது எழுந்தால் இவர் தலை தானாகத் திரும்பியது.

இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள். பக்கத்தில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், வெள்ளை வேட்டியும் சட்டையுமாகக் கேட்டில் நின்று, டீ குடிக்கப் போகிறவர்களுக்குப் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பதிலாகக் கேட்டில் நிற்க வந்த ஆள் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றான். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. போய்க் கையைப் பிடித்தேன்.

"உள்ள வாய்யா. இன்னிக்கு உனக்கும் நாற்காலி கீது."