நாலங்குலக் குழாயில் மேஸ்திரி

இருபத்தாறு வருடத்தில் இந்தக் குழாய்க்காரருக்கு அளவு தப்பியது ஒரே ஒரு முறை. அதுவும் சொந்த வீட்டில், மீன் தொட்டிக்குள்.

அடுக்குமாடிகளில் அடைப்பு என்றால் முதலில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சுவரில் காதை வைத்தே கசிவு எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டில், கூடத்தின் நீளச் சுவர் முழுக்க ஒரு தொட்டி. அதில் ஒரே ஒரு கெளுத்தி. முழங்கை நீளம், கறுத்த உடம்பு, இரண்டு விலாவிலும் வரிசையாக முள் தகடு. கவசம் போட்ட சிப்பாய் மாதிரி இருக்கும், குணத்தில் பசு. நத்தைகளைத் தவிர யாருக்கும் தீங்கு செய்ததில்லை. நாள் முழுக்க அடித்தரையை மீசையால் தடவிச் சரிபார்ப்பதால் மேஸ்திரி என்று பெயர்.

விரலளவு குஞ்சாக வந்த அன்று, ஒளிந்துகொள்ள நாலங்குல பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது. மீன் வளர்ந்ததைக் கண்டவர், குழாய் வளராது என்பதை மறந்துவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை உள்ளே நுழைந்த மேஸ்திரி பாதியில் நின்றுவிட்டது. தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம். மூக்குக்கு முன்னால் போட்ட நத்தையை மோந்துகூடப் பார்க்கவில்லை. திங்கள் காலை செவுள் அசைவது குறைந்துபோயிருந்தது. குழாய்க்காரர் வேலைக்குப் போகவில்லை.

லாரி ஓட்டும் மைத்துனர் வந்து பார்த்தார்.

“வாலைப் பிடிச்சு இழுத்துட வேண்டியதுதானே, மாமா?”

“முள்ளெல்லாம் வாலைப் பாத்து வளைஞ்சிருக்கு மாப்ள. இழுத்தா கொக்கி மாதிரி குத்திக்கும். முன்னால தள்ளலாம்னா தொப்பை விடாது.”

“ஊரு அடைப்பெல்லாம் எடுக்கறீங்க. உங்க வீட்டு அடைப்புக்கு வெளியாள் கூப்பிடணும் போல.”

“பல்லைக் காட்டினது போதும்டா. டப்பைத் தூக்கிட்டு வா” என்றார் மைத்துனரின் அக்கா, குழாய்க்காரரின் மனைவி.

தொட்டித் தண்ணீரையே டப்பில் நிரப்பி, குழாயோடு மீனை இறக்கினார்கள். ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழாய்க்காரர் குழாயை நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் மேஸ்திரி “கர்ர்” என்று உறுமியது. இந்த மீன் பயந்தால் அப்படித்தான் உறுமும். பாதி தூரத்தில் உறுமல் நின்றது. அவர் கையும் நின்றது.

மனைவிக்குத் தொட்டி எப்போதும் ஆகாது. கூடத்தில் கட்டில் போட இடமில்லை என்று பதினோரு வருடமாகச் சொல்லி வருபவர். இப்போது வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீருக்குள் கைவிட்டு மீனின் தாடைக்கடியில் ஏந்திக்கொண்டார்.

“மூச்சு இருக்குங்க. நீங்க அறுங்க.”

முழுக்க அறுக்கவில்லை. உள்ளே தாள் கனம் விட்டு, இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி அறுத்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெல்லத் திருகினார். குழாய் வேர்க்கடலை ஓடு மாதிரி இரண்டாகப் பிளந்தது. உடைந்தது ஒரே ஒரு முள்.

“வலது பக்கம், மூணாவது” என்கிறார், இப்போதும்.

புதன்கிழமை மேஸ்திரி நத்தையைத் தின்றது.

இந்த இனம் இன்னும் அரை அடி வளரக்கூடும் என்கிறார் மீன் கடைக்காரர். வரும் வெள்ளிக்கிழமை எட்டங்குலக் குழாய் தொட்டிக்குள் போகிறது, பாதியாகப் பிளந்து கவிழ்த்த வாக்கில். கட்டிலுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.