எண்பத்தெட்டாம் பக்கத்துப் பாதைக்காரன்

மண்டூர்ப் பாதையை ஓட்டுகிற ஜெயரூபனிடம் நேரம் கேட்டால், பதிலை ஒரு தரம் சூரியனோடும் ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வாவியில் அவன் கண்ட முதலை, சொல்லச் சொல்ல ஒவ்வொரு முழமாக வளரும். இன்றைய கணக்கில் அதன் வால் மண்டூரில் கிடந்தால் தலை களுதாவளையில் கிடக்கும். ஆட்கள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். "நான் ஒரு புத்தகத்துக்குள்ள இருக்கிற ஆள்" என்று அவன் சொல்லும்போது சிரித்தால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

மட்டக்களப்பில் பாதை என்றால் நடக்கிற பாதை மட்டுமல்ல. மோட்டார்சைக்கிள், மாடு, மணப்பெண் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். ஜெயரூபன் மீசை முளைக்கிற வயதில் அதில் வேலைக்குச் சேர்ந்தான். இன்றுவரை இறங்கவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் பிரடெரிக். டவுனில் தட்டச்சு இயந்திரம் திருத்துகிற பறங்கி மனிதர். திருத்தின இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எதையாவது அடிக்கத்தானே வேண்டும்? அப்படி அடித்து அடித்தே பூதம், கோட்டை, பேசுகிற மீன் என்று கதைகள் பிறந்தன. அவற்றை முதல் பக்கத்திலிருந்து நேரே வாசிக்க முடியாது. கதவைத் தட்டினால் நாற்பதாம் பக்கத்துக்குப் போ, தட்டாமல் ஓடினால் ஏழாம் பக்கத்துக்குப் போ என்று இருக்கும். வாசிக்கிறவர்தான் கதாநாயகன். பூதத்தோடு சண்டை வந்தால் பகடைக்காய் உருட்டிப் பார்க்கவேண்டும், தோற்றால் சாகவேண்டும். ஜெயரூபன் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்துக்கொண்டு உருட்டுவான். ஆனால் ஒருமுறையும் சாகவில்லை. பழைய பக்கத்துக்குள் ஒரு விரலைச் செருகிக்கொண்டுதான் புதுப் பக்கத்தைத் திறப்பான்.

அது ஊரடங்குக் காலம். பொழுது பட்டால் வாசலைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கம் போகிறாயா இந்தப் பக்கம் போகிறாயா என்று, புத்தகத்துக்குள் என்றாலும், அவனைக் கேட்ட ஒரே ஆள் பிரடெரிக்தான்.

பிறகு 'படுவான் கோட்டை' என்ற புத்தகம் வந்தது. அதன் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாதையில் ஏறு. பாதை அசையும்வரை பேசாதே. பாதைக்காரன் பெரிய பொய்யன். அவன் இடது என்றால் நீ வலதுக்குப் போ.'

அந்தப் பாதைக்காரன் தான்தான் என்பதில் வாசித்த அன்றே ஜெயரூபனுக்குச் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது. அதிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போதே புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பான். எந்தப் பக்கம் போவது என்று ஆட்கள் சொல்லவேண்டும். ஒருநாள் பாழ்கிணற்றுக்குள் இறங்குவதா வேண்டாமா என்று சண்டை மூண்டு, பாதை நடு வாவியில் நின்றுவிட்டது. முதலைதான் தலையைத் தூக்கி, "இறங்கித்தான் பாருங்களன்" என்று தீர்ப்புச் சொன்னதாக அவன் பேச்சு.

பிரடெரிக்கை அவனுக்குத் தெரியும். தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு துறையில் நிற்பார், அவனோடு கதை கொடுப்பார், பஸ் ஏறித் திரும்பிப் போய்விடுவார். 'அது நான்தானா?' என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால்?

போன வருஷம் அவர் கண்ணை மூடினார்.

ஆண்டு நினைவுக்கு அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட, கொழும்பிலிருந்து தனுஷியா என்ற பெண் வந்தாள். பிரடெரிக்கின் மனைவி கிளாடிஸ் அவளைக் குருமண்வெளித் துறைக்குக் கூட்டிவந்தார். கிளாடிஸுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, எழுத்துத்தான் வராது. ஜெயரூபன் அச்சுப்படியை வாங்கி நேரே எண்பத்தெட்டைத் திறந்தான்.

'மலைப்பாதையில் ஏறு. உச்சி வரும்வரை பேசாதே. வழிப்போக்கன் பெரிய பொய்யன்.'

இன்னொரு தரம் பார்த்தான். வாவி இல்லை. பாதைக்காரனும் இல்லை.

"தங்கச்சி, என்னை எங்க விட்டுட்டீங்க?"

"என்ன அண்ணா?"

"பாதைக்காரன். இதில இருந்தவன்."

"அதா? பாதை எப்படி அண்ணா அசையும்? தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தினேன்."

அவன் நாவில் எப்போதும் ஒரு முதலை நிற்கும், அன்றைக்கு அதைக் காணவில்லை.

கோழிக்கூடையோடு முன்னமே ஏறி நின்ற சின்னத்தங்கம் கத்தினாள்: "டேய் ஜெயரூபன்! பாதை வெளிக்கிடுமா, வெளிக்கிடாதா? அங்கால ஆக்கள் பாதை வருது வருதெண்டு பார்த்து நிக்குதுகள். இவன் படிக்கான்!"

தனுஷியா வாயைப் பிளந்தாள். "பாதை வருதா?"

"ஓம் புள்ள. வரும், போகும், மழைக்கு நிக்கும். உங்கட ஊரில பாதை என்ன, சும்மா படுத்தா கிடக்கும்?"

தனுஷியாவுக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த பேனை விழுந்துவிட்டது. அதைக் குனிந்து எடுத்து, மலையை ஒரே கோட்டில் வெட்டினாள். "பாதைக்காரனும் வந்தாச்சு. ஆனா அண்ணா, அது நீங்கதான் என்று எப்படித் தெரியும்?"

ஜெயரூபன் கிளாடிஸைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தான்.

"பிரெடிக்குத் தண்ணியெண்டாப் பயம்," என்றார் கிளாடிஸ். "ஆசையா வெளிக்கிட்டு வருவார். ஏற மாட்டார். வீட்ட வந்து, 'கிளாடி, அந்தப் பொடியன்ர முதலை இண்டைக்கு இன்னும் வளந்திட்டு' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மறுகா மெஷினுக்கு முன்னால குந்தி அடிப்பார். எண்பத்தெட்டை எனக்கு எத்தனை தரம் வாசிச்சுக் காட்டினவர்!"

ஜெயரூபனின் முகம் மெல்ல மலர்ந்தது. பிறகு யோசித்தது.

"அன்ரி, அப்ப அவர் என்னைப் பொய்யனெண்டா நினைச்சவர்?"

"நினைக்கல்ல மனே. அச்சடிச்சே போட்டார்."

சின்னத்தங்கம் சிரித்த சிரிப்பில் கோழி கூடைக்குள் எழும்பி நின்றது. ஜெயரூபன் கயிற்றை அவிழ்த்தான். கிளாடிஸ் பலகையில் ஒரு காலை வைத்து, எடுத்து, தொப்பி இல்லாத தலையைத் தொட்டுக்கொண்டு, திரும்ப வைத்து ஏறினார். எஞ்சின் இரைந்தது. கரை பின்னால் போனது.

"ஆழமா மனே?"

"சேச்சே. முழங்கால் தண்ணிதான் அன்ரி."

எண்பத்தெட்டாம் பக்கம் ஞாபகம் வர, கிளாடிஸ் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.