மூன்றாவது கூப்பாடு

தொடை கிழிந்து ஓடைப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தேன். உடுத்தியிருந்த சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. சுற்றிலும் பனிமூட்டம். கூட வந்தவன் ஓடிப்போய்விட்டான். அந்தப் பள்ளத்திலேயே என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால், எங்கள் தோட்டத்துக் காட்டெல்லையில் கல்லாக நிற்கிற முனியாண்டி சாமிதான் காரணம். சாட்சி சொல்கிறவர்கள் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். எனக்கு அது வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பெரியசாமி. திம்புள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தவன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கிழங்கும் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றி ஒருமுறை இறங்கினால் போதும், அந்தப் போகமே மண்ணாகிவிடும். அதனால் நாய்களோடும் ஈட்டியோடும் வேட்டைக்குப் போவது எங்களுக்குப் பழக்கம். என்னோடு எப்போதும் வருகிற ஆறுமுகம் போன வருடம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு லிங்கம் வந்தான்.

லிங்கம் வட்டவளைப் பக்கத்து ஆள். எங்கள் லயத்தில் பெண் எடுத்து, இங்கேயே குடியிருந்துவிட்டான். வாய்க்காரன். அவன் கதையைக் கேட்டால் வட்டவளைக் காட்டில் ஒரு பன்றியும் மிச்சமிருக்காது. "அண்ணே, நீங்க நாய விட்டு மேல ஏத்தி விடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். நானும் நம்பினேன்.

எங்கள் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் கீழேயிருந்து நாய்களை விட்டுப் பன்றியைக் கலைப்பான். மற்றவன் மேலே, பாதை ஒடுங்குகிற இடத்தில் ஈட்டியை ஊன்றி நிற்பான். மேலே நிற்கிறவன் நகரவே கூடாது. நகர்ந்தால் பன்றி திரும்பிக் கீழே இருப்பவன் மேல்தான் பாயும். இதை லிங்கத்துக்கு இரண்டு தடவை சொன்னேன். "தெரியாதாண்ணே எனக்கு" என்று சிரித்தான்.

அது ஐப்பசிப் போயா, பௌர்ணமி விடுமுறை நாள். காலையில் முனியாண்டி கல்லுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காட்டுக்குள் போனோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் நாய்கள் இரண்டும் ஒரு தனியனைக் கிளப்பின. பெரிய ஆண் பன்றி. அது மேலே ஓடியது. மேலே நின்ற லிங்கம்தான் அதைக் குத்த வேண்டியது. அதைப் பார்த்ததும் அவன் ஈட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டான். பன்றி நாய்களையும் தள்ளிக்கொண்டு திரும்பி இறங்கியது. நான் ஒதுங்குவதற்குள் கோரைப்பல் தொடையில் ஏறிவிட்டது. மணி என்ற என் நாய் அதன்மேல் பாய்ந்து வயிறு கிழிந்து செத்தது. மற்ற நாய் போன திசை தெரியவில்லை. நான் உருண்டு ஓடைக்குள் விழுந்தேன்.

"லிங்கம்!" என்று ஒரே ஒரு தடவை கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரிக் கத்தினேன். பதில் இல்லை. மேலே சுள்ளி முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் என்னை நோக்கி வரவில்லை, தூரப் போனது. அதற்குப் பிறகு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பனிக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கமாட்டோம். காட்டெல்லைச் சாமியான முனி, நமக்குத் தெரிந்தவர்களுடைய குரலில் கூப்பிடும் என்பார்கள். ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தடவை. மூன்றாம் தடவை மனிதன்தான் கூப்பிடுவான். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் இரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் என் பிள்ளைகளையும் வளர்த்தேன்.

கண் விழித்தபோது மத்தியானம் தாண்டியிருக்கும். அட்டைகள் காலெல்லாம் ஏறியிருந்தன. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் பொம்பளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. விடுமுறை நாளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க வந்தவர்கள். பனி மறைத்தாலும் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

கூப்பிட்டேன். பேச்சு சட்டென்று நின்றது.

ஒருத்தியும் பதில் கொடுக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. எண்ணுகிறார்கள். மூச்சை எல்லாம் சேர்த்து இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஒரு முனகல்தான் வந்தது.

"யாரும் வாயத் தொறந்துறாதீங்க" என்று கங்காணியின் குரல் கேட்டது. "ரெண்டாச்சு. கூடையத் தூக்குங்க, நிறுக்கப் போவோம்."

அவர்கள் போய்விட்டால் பிறகு அந்த மலைக்கு ஆள் வராது. இன்னும் ஒரே ஒரு கூப்பாடு. அது வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கூடைகள் உரசுகிற சத்தம் நகரத் தொடங்கியது. அழக்கூட என் கண்ணில் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் சாமியிடம் கேட்டேன். "முனியப்பா, காலையில தேங்கா ஒடச்சேனே. ஒன் குரல்னு பயந்துதான் அவங்க போறாங்க. ஒன் பேரச் சொல்லித்தான் என்னய இங்க விட்டுட்டுப் போறாங்க. எனக்கு மூணாவதுக்கு மூச்சுக் குடு. இல்லாட்டி நீயே கூப்புடு." வேண்டுதல் என்று சொல்ல முடியாது. சண்டைதான் போட்டேன்.

பிறகு என் வாயிலிருந்து ஒரு சத்தம் போனது. அது என்னுடையது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நெஞ்சே அதிர்ந்தது.

"ஓய்! யாரு அது?" என்று பதில் வந்தது. பக்கத்து லயத்துச் செல்லம்மா அக்கா. கங்காணி தடுக்கத் தடுக்கக் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி வந்தார். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். இடுப்பில் கட்டும் படங்குத் துணிகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து, அதில் என்னைக் கிடத்தித் தூக்கினார்கள். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

"மொத ரெண்டும் பூனக்குட்டி கத்துன மாரி இருந்துச்சு, தம்பி" என்று செல்லம்மா அக்கா பிறகு சொன்னார். "மூணாவது என் காதுக்குள்ளயே வந்து கூப்புட்ட மாரி இருந்துச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரையும் கும்பிட்டேன், சாமியையும் கும்பிட்டேன்.

சாட்சியை இத்தோடு முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என் மனைவி பார்வதி ஒன்று சொன்னாள். அன்றைக்குக் காலையிலேயே, என்னைக் காட்டில் விட்டுவந்த பிறகு, லிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். "அவரு எங்க, தம்பி?" என்று கேட்டிருக்கிறாள். "அண்ணன் பின்னால வர்றாரு, அண்ணி" என்றிருக்கிறான். அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தத் தேத்தண்ணிதான் எனக்குத் தொடைப் புண்ணைவிட வலிக்கிறது.

கோயில் கூட்டத்தில் கேட்டோம். லிங்கம் கூச்சமே இல்லாமல் சொன்னான்: "ஒரு தடவதான் சத்தம் கேட்டுச்சு. முனி கூப்புடுதுன்னு நெனச்சேன். அண்ணன் வேற பக்கமா எறங்கி வருவாருன்னு வந்துட்டேன்." பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். முறைப்படி அவன் செய்தது சரிதான் என்றார்கள். அந்த முறையை நானும் கும்பிட்டவன்தானே, எதைச் சொல்வேன்? சித்திரைத் திருவிழாவில் அவன் காவடி எடுத்தான். நான் கம்பை ஊன்றிக்கொண்டு ஓரத்தில் நின்று பார்த்தேன்.

கால் பழையபடி வரவில்லை. சரிவில் நின்று கவ்வாத்து வெட்ட முடியாது. இப்போது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூட்டிப் பெருக்குகிறேன். வேட்டையை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் முனியாண்டி கல்லுக்குப் போய் விளக்கு வைக்கிறேன். அங்கே நின்று ஒரு சத்தியமும் செய்தேன். எந்தக் குரல் கேட்டாலும் முதல் கூப்பாட்டுக்கே பதில் கொடுப்பேன். முனியாக இருந்தால் இருக்கட்டும், அது எனக்குக் கடன்பட்ட சாமி இல்லை, நான்தான் அதற்குக் கடன்பட்டவன்.

போன மாதம் ஒரு காலை. மடுவத்தில் நானும் கங்காணியும் மட்டும். வெளியே எதிரில் இருப்பது தெரியாத பனி. கீழ்ப் பாதையிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது. ஒன்றே ஒன்று.

"பொறு, இன்னும் ரெண்டு தடவ கூப்புடட்டும்" என்றார் கங்காணி.

"வாறேன்! அங்கயே இரு!" என்று கத்திவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

லிங்கம். தலைச்சுமையாகக் கொண்டுவந்த விறகுக்கட்டோடு பாதையோரத்து வடிகால் கானுக்குள் சறுக்கி விழுந்திருந்தான். கட்டு அவன் நெஞ்சில் கிடந்தது, இன்னொரு தடவை கூப்பிட அவனுக்கு மூச்சில்லை. கட்டைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கையைப் பிடித்துத் தூக்கினேன். கொஞ்ச நேரம் இருமினான்.

"ஒரு தடவதான் கூப்புட்டேன்" என்றான். "எப்பிடிண்ணே வந்தீங்க?"

"ஒன் குரல் எனக்குத் தெரியாதாடா?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து, சிதறிக் கிடந்த விறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். ஒரே கூப்பாட்டில் அவன் குரல் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் குரலும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். அது இரண்டு பேருக்கும் அந்தக் கானில் வைத்துப் புரிந்துவிட்டது.

அவனை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். சாமிக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன், இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டான், போனேன். என் சாமி அன்றைக்கு எனக்காக வந்தது, அதனால் போனேன். கஷ்டத்தில் கிடக்கிற என் சனங்களே, முனியப்பனைக் கூப்பிடுங்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள், கேட்கும். அதேபோல் பனிக்குள்ளிருந்து யாராவது உங்களைக் கூப்பிட்டால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். மூன்றாவது கூப்பாட்டுக்கு எல்லோருக்கும் மூச்சு இருக்காது.