கட்டி அறுக்கும் சீனியம்மாள்

சீனியம்மாளுக்குக் கட்டி அறுப்பதுதான் வேலை. தல்லாகுளத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றில், மெழுகில் பதித்த சதைத் துண்டை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவாள். சீவியதோடு விட்டாளா? டாக்டர் படித்துப் போட்ட ஆராய்ச்சி இதழ்களை அகராதி வைத்துக்கொண்டு வரி விடாமல் படிப்பாள்.

1989 ஆடியில் அப்படித்தான் ஒரு கட்டுரை சிக்கியது. குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுக்கட்டி பற்றியது. படித்து முடித்தவள் பாதிச் சாப்பாட்டை மூடிவிட்டுக் கீழக்குயில்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அண்ணன் கருத்தக்கண்ணனின் மூத்த மகன் அந்தக் கட்டியால்தான் ஒரு கண்ணை இழந்தான். அவள் ராசிதான் என்ற பழியை மதினி மாயக்காள் சுமந்தாள். இப்போது இரண்டாவதாகப் பெண்பிள்ளை, பிறந்து பன்னிரண்டு நாள்.

"அண்ணே, பிள்ளையக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இன்னைக்கே."

"முப்பது நாள் கழியாம பச்சப்பிள்ள வாசல் தாண்டுறதா? கிறுக்கா ஒனக்கு? நல்லாத்தான முழிக்கிது."

"கட்டி சிறுசா இருக்கையில வெளிய தெரியாதுண்ணே. நம்ம கண்மாய் மடையில ரெண்டு பலகை இருக்குல்ல? ஒண்ணு உளுத்தாலும் மத்தது தாங்கும். செல்லுலயும் அப்பிடித்தான். அப்பன்கிட்டருந்து ஒண்ணு, ஆத்தாகிட்டருந்து ஒண்ணு, ரெண்டு மரபணு. அது ஒரு புரதத்தச் செய்யும். செல்லு கண்டபடி பெருகாம அந்தப் புரதம்தான் அடக்கி வைக்கிது. ரெண்டு மரபணுவும் போச்சுன்னா செல்லக் கேக்க ஆளில்ல. பெருகிக்கிட்டே கெடக்கும். அதான் கட்டி."

"உளுத்த பலகை எங்கிருந்து வந்துச்சாம்?"

சீனியம்மாள் அண்ணனின் குழிந்த இடக்கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டு வயசுல ஒனக்கு எடுத்தாகளே. அம்மைன்னு சொன்னாக. அதுவும் இதாத்தான் இருக்கும்ணே."

மாயக்காள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கினாள்.

"ஏழு வருசமா என் ராசின்னீக. நான் போறேன். வாரீகளா, முப்பது எண்ணிக்கிட்டு இருக்கீகளா?"

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, விளக்கைத் தலையில் மாட்டிய டாக்டர் குனிந்தே இருந்தார்.

"குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கா?"

"எனக்குத்தான் சார்," என்றான் கருத்தக்கண்ணன், வராந்தாவில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி. "என்கிட்டருந்து வந்தது. இவகிட்டருந்து இல்ல."

மாயக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலக்கண்ணுல ஒண்ணு இருக்கு. கடுகளவுதான்," டாக்டர் நிமிர்ந்தார். "ஒளிக்கதிர் வச்சே கருக்கிரலாம். கண்ணு பொழச்சுக்கும்."

சீனியம்மாள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் பிடிபடாதபடி குலுங்கினாள்.