புளியில் ஊறிய தோட்டாக்கூடுகள்

எங்கள் தெற்கு லண்டன் துப்பாக்கி கிளப்பில் என் பக்கத்தில் படுத்து இலக்கைச் சுடுகிற வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய ரைபிளுக்கு இப்போது எங்கும் தோட்டா கிடைப்பதில்லை. வேறு ரைபிளில் சுட்டு வெறுமையான பித்தளைக் கூடுகளை அச்சில் அழுத்தி, கழுத்தை ஒடுக்கி, அவருடையதற்குப் பொருத்திக் கொடுப்பேன். ஒருமுறை அவர் வீட்டுப் பெட்டியொன்றிலிருந்து எடுத்துத் தந்த நாற்பது கூடுகளும் கறுத்துக் கிடந்தன. பித்தளைதானே என்று புளிக்கரைசலில் போட்டவன், ஷிப்ட் அலைச்சலில் இரண்டு நாள் மறந்துவிட்டேன். எடுத்தபோது அவை இளஞ்சிவப்பாக மாறியிருந்தன.

“குத்துவிளக்கையே நான் தேய்ச்ச கையோட கழுவிப்போடுவன்,” என்றாள் மனைவி. “இதை இனிப் பாவிக்க ஏலாது.”

எனக்குத் தெரியாததா என்ற திமிரில் அச்சில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கழுத்து பிளந்தது; புளி பித்தளையிலிருந்த துத்தநாகத்தை அரித்துவிட்டிருந்தது.

அவரிடம் புளியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. கூடுகள் பழசாகி உக்கிவிட்டன என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் ரைபிள் இல்லாமல் வந்தார். வீட்டில் அதே பெட்டியில் மிச்சமிருந்த இருநூறு கூடுகளையும் பழைய உலோகம் எடுப்பவரிடம் போட்டுவிட்டாராம்.

“நல்லகாலம், நீர் சொன்னீர்,” என்று சொல்லி எனக்கொரு தேநீர் வாங்கித் தந்தார்.