ஸ்பிரிங்காரர் பேசிய இங்கிலீஷ் பேரம்

சின்னச் சின்ன ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறை அவருடையது. எல்லோருக்கும் அவர் ஸ்பிரிங்காரர்தான். பேரத்தில் எமகாதகர். கம்பி வாங்கப் போன இடத்தில் பேச்சு படியவில்லை என்றால், விருட்டென்று எழுந்து வாசல்வரை போய்விடுவார். கடைக்காரர் கூப்பிட்டே தீர வேண்டும். ஆனால் இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் வெளிநாட்டுக் கம்பெனியோடு பேச ஒரு புரோக்கரை வைத்திருந்தார். அந்த ஆள் எதற்கும் ‘யெஸ் சார்’ போடுவார். நாலு வாரத்தில் சரக்கு வேண்டுமா? யெஸ் சார். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும். போன தடவை வேலையாட்கள் மூன்று பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

“அண்ணே, இன்னொரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டீங்கன்னா, திங்கக்கிழமையும் வரமாட்டோம்.”

புரோக்கரைக் கழற்றிவிட்டார். பட்டறையில் சரக்கு எண்ணிக் கட்டும் அவர் மனைவி, போனில் வியாபார இங்கிலீஷ் பாடம் தேடிப் பிடித்தாள். முகத்தில் அடித்தாற்போல் ‘நோ’ சொல்லக் கூடாதாம். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று பதமாக ஆரம்பிக்க வேண்டுமாம்.

“பயமா இருக்குன்னு நான் எதுக்குடி சொல்லணும்?”

“எனக்கே பயப்படாத மனுஷன், அவருக்கா பயப்படப் போறீங்க? அது மரியாதைக்குங்க. சொல்லுங்க.”

சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால்கூட ‘லெட் மீ திங்க்’, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது ‘லெட் அஸ் மீட் ஹாஃப்வே’. நீ பாதி இறங்கி வா, நான் பாதி ஏறி வருகிறேன் என்று அர்த்தம்.

“மொதல்ல ஆறு வாரம் கேளுங்க. அஞ்சு கெடைச்சாலே ஞாயிறு லீவு விட்டுடலாம். அவர் முரண்டு பிடிச்சா அந்த ஹாஃப்வேயை எடுத்து விடுங்க. எழுந்து மட்டும் வந்துடாதீங்க. பெரிய கம்பெனி.”

கம்பெனிக்காரர் பட்டறைக்கு வந்து உட்கார்ந்ததும் “ஃபோர் வீக்ஸ்” என்றார்.

“ஐ ஆம் அஃப்ரெய்ட்... சிக்ஸ் வீக்ஸ்.”

கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கி, முடியாதென்று தலையாட்டினார். இனி அந்த வாக்கியம்தான். அது தொண்டைவரை வந்து நின்றுகொண்டது. ஸ்பிரிங்காரர் மண்டையைப் பிறாண்டிப் பார்த்தார். வரவில்லை. விருட்டென்று எழுந்து, வெளியே சரக்கு எண்ணிக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்தார்.

“ஏய், அது என்னது, நீ பாதி நான் பாதி?”

“ஹாஃப்வே! எழுந்து வராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

அந்த வாக்கியம் வழியில் சிந்திவிடக் கூடாதென்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். மனைவியும் பின்னாலேயே ஓடினாள். உள்ளே கம்பெனிக்காரர் பதறி எழுந்து நின்றார்.

“ஓகே, ஓகே! சிக்ஸ் வீக்ஸ்!”

ஸ்பிரிங்காரர் காதில் அது எங்கே விழுந்தது? “லெட் அஸ் மீட் ஹாஃப்வே!” என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

கம்பெனிக்காரர் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஃபைவ்?”

“ஃபைவ்!”

கையைக் குலுக்கிக்கொண்டார்கள். கதவோரம் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கார் கிளம்பும்வரைதான் பொறுத்தாள்.

“கைக்கு வந்த ஆறைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களே!”

“ஆறுன்னாரா? எப்போ?”

“நீங்க மந்திரம் ஜெபிச்சுக்கிட்டு வந்தப்போ.”

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “அஞ்சு போதும்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன்தான்.”

“அப்போ ஞாயித்துக்கிழமை?”

“லீவுதான்.”

“அப்புறம் என்னடி?”

கோபத்தைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவர் மிஷின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“டேய், ஞாயித்துக்கிழமை எவனாவது இந்தப் பக்கம் தலைகாட்டினீங்க, காலை ஒடிச்சிடுவேன்!”